ஆட்டுக்கால் சூப்பும் அத்தையின் முழங்காலும்

ஜனவரி மாதத்து டெல்லிக் குளிரை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிதல்ல. இரவு அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்த ஆட்டுக்கால் சூப்பைக் காலையில் திறந்து பார்த்தால், பாத்திரத்தோடு உறைந்து கிடக்கும். கரண்டியால் தட்டினால் ஆடும். அடுப்பில் வைத்த இரண்டாவது நிமிடம் மறுபடியும் தண்ணீராகிவிடும். நம் ஊரில் இருந்தவரை இதைப் பார்க்க வாய்ப்பில்லை. மதுரையில் எந்த மாதத்தில் சூப் தானாக உறையும்?

பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளை, இது கட்டியாகுதே, இதுக்குப் பேருதான் கொலாஜனாமே? அந்த டப்பாவுலயும் இதுதான் இருக்குதாம். குடிச்சா முட்டி வலி போயிடும்ங்கிறான் உங்க மகன்."

டப்பா என்று அவர் சொன்னது, என் மகன் கைபேசியில் பார்த்து வரவழைத்த கொலாஜன் பொடி. விலை 2,000 ரூபாய்க்கு மேல். ஒரு மாதத்துக்கு ஒரு டப்பா. அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாடிப்படி ஏறுவதென்றால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று ஏற வேண்டும். இந்த வயதில் வலி போகும் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும்.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பால் பெரிய விஞ்ஞானி இல்லை. ஆனால் கொலாஜனைக் கையால் தொட்டு, கரைத்து, திரும்ப நாராக்கியிருக்கிறேன். ஒருமுறை கெடுத்தும் இருக்கிறேன். அத்தைக்கு அன்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சைவ வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்கள் விழுங்கும் மாத்திரைக் கேப்சூலின் உறையிலும் பெரும்பாலும் இதே சரக்குதான் இருக்கிறது.

நம் உடலில் உள்ள புரதத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன்தான். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி நிறுத்துவது அதுவே. இருபத்தெட்டு வகை கண்டறிந்திருக்கிறார்கள். அதிகம் இருப்பது முதல் வகை. முழங்கால் குருத்தெலும்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை.

ஆய்வுக்கூடத்தில் கொலாஜன் எடுக்க எலி வால் போதும். வாலை உடைத்து இழுத்தால் உள்ளிருந்து வெண்பட்டு நூல் போலத் தசைநாண்கள் வரும். அவற்றை வினிகரைவிடச் சற்று நீர்த்த அசெடிக் அமிலத்தில் போட்டு, நான்கு டிகிரிக் குளிர் அறையில் இரண்டு நாள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நூல்கள் ஊதிப் பருத்து, கண்ணாடி போலாகி, மெல்லக் கரையும். கரையாத கசடை நீக்கிவிட்டால் தெளிவான ஒரு திரவம் மிஞ்சும். லிட்டருக்குச் சில கிராம்தான் கொலாஜன் இருக்கும். ஆனாலும் குடுவையைச் சாய்த்தால் வடிகஞ்சி போல மெதுவாக இறங்கும். அதே எடைக்குச் சர்க்கரையைப் போட்டுக் கரைத்தால் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது.

இந்தக் கொழகொழப்புக்குக் காரணம் மூலக்கூறின் உருவம். ஏறக்குறைய 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) தடிமனைப்போல் இருநூறு மடங்கு நீளம். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நாற்பது சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட அதே விகிதம். வாளித் தண்ணீரில் ஒரு கட்டு ஈர்க்குச்சியை உதிர்த்துப் போட்டுக் கையால் கலக்கினால் எப்படித் தடுக்கும்? அதுதான் கரைசலில் நடப்பது.

அந்தக் குச்சி ஒற்றைக் குச்சியுமல்ல. மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு. ஒவ்வோர் இழையிலும் ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு மேல். இழை இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கயிறு திரிப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: புரியை ஒரு பக்கம் முறுக்கி, கயிற்றை எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் பிரியாமல் நிற்கும்.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

இந்த முறுக்கைக் கண்டுபிடித்தது நம் சென்னையில் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், 1952ல் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அழைத்ததன் பேரில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதளவுதான். கிண்டி வளாகத்தில் புதிய துறை. கருவிகள் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. என்ன ஆராய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! ராமச்சந்திரன் அங்கே போய்க் கேட்டு வாங்கினார். நல்ல எக்ஸ்ரே படம் கிடைக்க நார்கள் ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண். அவரும் கோபிநாத் கர்த்தாவும் அந்தப் படங்களிலிருந்தும், அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்ற தகவலிலிருந்தும் மூவிழைச் சுருளை ஊகித்து, 1954ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று திருத்தமும் செய்தார்கள். கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகல். எல்லா அமினோ அமிலங்களிலும் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே நுழைய முடியும். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வருகிறது. ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால், பிறக்கும்போதே எலும்புகள் சொடுக்கென்று உடையும் நோய் வரக்கூடும்.

கேம்பிரிட்ஜில் கிரிக்கும் ரிச்சும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ஆட்சேபித்து, கொஞ்சம் மாற்றிய அமைப்பை 1955ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் இழைகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார் ராமச்சந்திரன். ஒன்றுதான் என்றார்கள் அவர்கள். பின்னாளில், 1994ல், கொலாஜனைப் போலவே செய்த ஒரு சிறு துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டுத் தாங்கி நின்றன. ஆனால் அந்த ஆட்சேபணைதான் ராமச்சந்திரனை 'அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?' என்று கணக்கிட வைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து 1963ல் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும் அந்த வரைபடத்தில் இட்டுச் சரிபார்க்கிறார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. தோல் ஆராய்ச்சி நிலையத்து அரங்குக்கு மூவிழைச் சுருளின் பெயரை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை சென்னை போகும்போது அடையாறு பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

குச்சிகள் நாராவது

இனி நான் பலமுறை பார்த்தும் அலுக்காத காட்சி. அந்தக் கொழகொழத்த கரைசலை ஐஸில் வைத்து, அமிலத்தை மட்டுப்படுத்தி, நம் உடலில் இருக்கும் அளவுக்கு உப்புச் சேர்க்க வேண்டும். இன்னும் தெளிவாகத்தான் இருக்கும். பிறகு சோதனைக் குழாயை 37 டிகிரி வெந்நீரில் நிறுத்த வேண்டும். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு லேசாக ஒரு மங்கல். மங்கல் திடீரென்று வேகமெடுக்கும். அரை மணி நேரத்தில் குழாய் முழுவதும் பால் கலந்தது போல் வெளுத்து, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத கட்டியாகிவிடும்.

கவனித்தீர்களா? சூப் குளிரில் உறைந்து சூட்டில் இளகுகிறது. இது குளிரில் கரைந்து சூட்டில் உறைகிறது! ஒரே பொருள், நேர் எதிரான இரண்டு குணம். காரணம், சூப்பில் இருப்பது கொலாஜனே அல்ல. கொலாஜன் செத்துப்போன ஜெலட்டின். கொதியில் கயிறு பிரிந்து மூன்று இழையும் தனித்தனியே சிக்கலாகக் கிடக்கின்றன. குளிரும்போது அங்கங்கே சிறிது சிறிதாக மறுபடி முறுக்கிக்கொண்டு வலை போல மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆய்வுக்கூடக் குழாயில் கயிறு பிரியவே இல்லை. முழுக் குச்சிகள் வரிசையில் சேர்ந்து நாராகின்றன.

சூடு ஏன் சேர்க்க வேண்டும்? குளிரில் ஒவ்வொரு குச்சியையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குச்சியும் குச்சியும் நெருங்கினால் அந்தத் தண்ணீருக்கு விடுதலை. வெப்பம் ஏற ஏற அந்த விடுதலையின் பலம் கூடுகிறது. ஆரம்பத்தில் சில நிமிடம் ஒன்றும் நடக்காததற்கும் காரணம் உண்டு. நான்கைந்து குச்சிகள் சரியான கோணத்தில் கூடி ஒரு கரு உண்டாக வேண்டும். கரு உண்டான பிறகு மற்றவை வந்து சேருவது எளிது. நம் சங்கத்துக்கு ஆள் சேர்ந்த கதையும் இதுதான் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த புதிதில், 1942ல், அமெரிக்காவில் பிரான்சிஸ் ஷ்மிட் குழுவினர் கொலாஜன் நாரில் சீரான குறுக்குக் கோடுகளைப் பார்த்தார்கள். 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை. 1950களில் ஜெரோம் கிராஸ், தோலிலிருந்து எடுத்துக் கரைத்த கொலாஜனை இப்படிச் சூடாக்கி உறைய வைத்துப் பார்த்தபோது, அந்த நாரிலும் அதே பட்டைகள்! குழாயில் உயிரணு ஒன்றுகூட இல்லை. எங்கே போய் உட்கார வேண்டும் என்ற செய்தி மூலக்கூறுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே கொலாஜனை அமிலத்தில் ஏ.டி.பி. என்ற பொருளோடு சேர்த்தால் குச்சிகள் எல்லாம் தலைக்குத் தலை நேராக நின்று, குச்சியின் முழு நீளத்துக்குக் கட்டுக் கட்டாக அமைகின்றன. அதைக் கரைத்து மறுபடி உப்பிலும் சூட்டிலும் வைத்தால் பழைய 67 நானோமீட்டர் பட்டையே வருகிறது. ஒரே நூல், நெசவு மட்டும் வேறு.

பட்டை வரும் கணக்கை 1963ல் ஹாட்ஜும் பெட்ருஸ்காவும் விளக்கினார்கள். கொத்தனார் செங்கலை ஒன்றின்மேல் ஒன்று நேராக அடுக்குவதில்லை அல்லவா? இணைப்பு இணைப்புக்கு நேராக வந்தால் சுவர் பிளக்கும். கொலாஜன் குச்சிகளும் பக்கத்துக் குச்சியைவிட 67 நானோமீட்டர் தள்ளி நிற்கின்றன. ஒரே வரிசையில் ஒரு குச்சி முடிந்து அடுத்தது தொடங்க ஏறக்குறைய 40 நானோமீட்டர் இடைவெளி. எலும்பில் சுண்ணாம்புச் சத்து முதலில் போய் அமர்வது இந்த இடைவெளிகளில்தான்.

நான் கெடுத்த கதை

எண்பதுகளின் இறுதியில் ஒரு மே மாதம், சனிக்கிழமை மாலை. ஆராய்ச்சி மாணவி ஒருவர் மூன்று மாதம் உழைத்துச் சுத்தம் செய்த கொலாஜன் கரைசல் நான்கு குடுவைகளில் இருந்தது. குளிர் அறையில் வைத்துவிட்டுப் போகும்படி என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அன்று சங்கத்தின் ஆண்டு விழா நாடக ஒத்திகை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குடுவைகளை மேசையிலேயே விட்டுவிட்டேன். ஞாயிறு முழுவதும் மின்சாரம் இல்லை. மூடிய அறை, வெளியே 44 டிகிரி.

திங்கள் காலை குடுவையைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. கஞ்சி போல் இறங்க வேண்டியது தண்ணீராகச் சலசலத்தது. நிறம் மாறவில்லை, நாற்றம் இல்லை, எடை குறையவில்லை. ஆனால் கயிறுகள் பிரிந்துவிட்டன. மாணவி திட்டவில்லை. நான்கையும் குளிர வைத்து, உப்புச் சேர்த்து, 37 டிகிரியில் நிறுத்திக் காத்திருந்தார். ஒரு மணி நேரமாகியும் குழாய் கண்ணாடி போல் தெளிவாகவே நின்றது. மதியம் சாப்பிடாமல் மறுபடி எலி வால்களை உடைக்க உட்கார்ந்தார். அந்த ஆண்டு நாடகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. இன்றும் யாராவது அதைச் சொன்னால் அந்தக் குடுவைகள்தான் நினைவுக்கு வரும்.

ஆக, 37 டிகிரியில் நாராகிறது. 40ஐ ஒட்டிப் போனால் அழிகிறது. இடையில் மூன்றே டிகிரி. நமக்குக் காய்ச்சல் 40 டிகிரி வரை போகிறதே, அப்போது என்ன ஆகும் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது. 2002ல் அமெரிக்காவில் செர்கேய் லேக்கின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைவிடப் பெரிய அதிர்ச்சி தந்தது. மிக மிக மெதுவாகச் சூடாக்கினால், தனியாக மிதக்கும் முதல் வகைக் கொலாஜன் மூலக்கூறு உடல் வெப்பத்துக்குச் சில டிகிரி கீழேயே பிரியத் தொடங்குகிறதாம். தனியாக விட்டால் நம் உடம்புச் சூட்டையே அது தாங்காது! நாராகச் சேர்ந்த பிறகு நிலைமை வேறு. பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60 டிகிரியைத் தாண்டிய பிறகே சுருங்குகிறது. ஆம்பூரிலும் கான்பூரிலும் குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். பக்கத்துக் குச்சிகளின் நெருக்கம்தான் ஒவ்வொரு குச்சியையும் பிரியாமல் காக்கிறது.

உயிரணு இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் வேடிக்கை. உள்ளேயே நார் உண்டாகிவிட்டால் உயிரணு செத்தது. ஆகவே கொலாஜனை இரு முனையிலும் பெரிய முடிச்சுகளோடு செய்து அனுப்புகிறது. வெளியே வந்ததும் கத்திரிக்கோல் போன்ற நொதிகள் முடிச்சுகளை வெட்டுகின்றன. உடனே குச்சிகள் நாராகின்றன. பிறகு செம்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேறொரு நொதி குச்சிக்கும் குச்சிக்கும் இடையே தையல் போடுகிறது. ஆண்டுகள் போகப் போகத் தையல் இறுகுகிறது. இளம் எலியின் வால் அமிலத்தில் நன்றாகக் கரையும். கிழ எலியின் வால் லேசில் கரையாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முற்றிய ஆட்டுக் கறி வேகாததற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் அதுவும் தன் பங்குக்கு வேண்டாத இடத்தில் தையல் போட்டு நாரை விறைப்பாக்குகிறது. நீரிழிவுக்காரர்களுக்குத் தோள்மூட்டு பிடித்துக்கொள்வதில் இதற்கும் பங்குண்டு என்கிறார்கள்.

கயிறு 37 டிகிரி வரையாவது பிரியாமலிருக்க இன்னொன்றும் வேண்டும். இழையிலுள்ள புரோலின் பலவற்றில் ஓர் ஆக்சிஜன் ஏற வேண்டும். அதை ஏற்றும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. ஏறாவிட்டால் 24 டிகிரி அளவிலேயே கயிறு பிரிந்துவிடும். ஸ்கர்வி வந்த கப்பல் மாலுமிகளுக்கு ஈறு கரைந்ததும், ஆறிய பழைய காயங்கள் திரும்பப் பிளந்ததும் இதனால்தான். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு நோயாளிகளில் இருவருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து எழுப்பி நடக்க வைத்தபோது அவருக்கு இதெல்லாம் தெரியாது.

இப்போது அத்தையின் டப்பாவுக்கு வருகிறேன். அதில் இருப்பது கயிறுமல்ல, முழு இழையுமல்ல. ஜெலட்டினை நொதிகளால் மேலும் சிறு துண்டுகளாக வெட்டி உலர்த்திய பொடி. அதனால்தான் குளிர்ந்த பாலிலும் கட்டியாகாமல் கரைகிறது. அந்தத் துண்டுகள் மறுபடி சேர்ந்து குச்சியாகி, குச்சிகள் அடுக்கி நாராகி முழங்காலில் போய் ஒட்டும் என்பது நடக்காத காரியம். என் நான்கு குடுவைகளே அதற்குச் சாட்சி. வயிற்றுக்குப் போனால் மற்றப் புரதம் போல் அதுவும் செரித்து, உடல் தனக்கு வேண்டியதைப் புதிதாகச் செய்துகொள்ளும். துண்டுகளில் சில இரத்தம் வரை போவது உண்மை. வலி ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில் பல, பொடி தயாரிப்பவர்களின் பணத்தில் நடந்தவை. இன்னொரு பக்கம், 2000த்தில் ஹாலந்து நாட்டார் செய்த கணக்கின்படி, வளர்ந்தவர்களின் குருத்தெலும்பில் உள்ள கொலாஜனில் பாதி மாறவே நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இளமையில் நெய்த துணியைத்தான் கடைசி வரை உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப ஆட்டுக்கால் சூப்பு?" என்றார் அத்தை.

"ருசிக்காகக் குடிங்க அத்தை. அதுவும் புரதம்தான். கூட ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்குங்க. முட்டிக்கு, டாக்டர் சொன்ன அந்தக் கால் பயிற்சியைத்தான் விடாமச் செய்யணும்."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. பேரன் வருத்தப்படுவானே என்று அந்த ஒரு டப்பாவை மட்டும் குடித்து முடித்தார். பயிற்சியையும் செய்தார். மார்ச்சில் குளிர் விட்டது, வலியும் கொஞ்சம் விட்டது. எதனால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதுரைக்குப் புறப்படும்போது காலி டப்பாவைக் கழுவித் துடைத்து மறக்காமல் பெட்டியில் வைத்துக்கொண்டார். நல்ல இறுக்கமான மூடியாம், வற்றல் போட்டு வைக்க ஆகுமாம்.